உண்மைக்கு ஆகும் செலவு

அன்புத் தம்பிக்கு,

சந்தவாசலிலிருந்து நீ எழுதிய கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. கல்லூரியில் சேரச் சாதிச் சான்றிதழ் வேண்டும். ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிற நான் ‘இந்து ஆதிதிராவிடர்’ என்று எழுதி வாங்கினால் பாவமா என்பது முதல் கேள்வி. மலையடிவாரத்து நண்பர்கள் இருவரை ஒரு ஏஜெண்டு முன்பணத்தைக் காட்டி ஆந்திராவுக்குச் செம்மரம் வெட்டக் கூப்பிடுகிறான், போகாதே என்று சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்பது இரண்டாவது. நீ இவற்றைத் தனித்தனியாக எழுதியிருக்கிறாய். எனக்கு ஒன்றாகவே படுகின்றன. கையில் காசில்லாதவனைப் பார்த்து ‘உண்மையாய் இரு’ என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அப்படி இருப்பதால் அவனுக்கு ஏற்படும் இழப்பில் சொல்கிறவர்கள் எவ்வளவு பங்கு எடுத்துக்கொள்கிறோம்? உன் இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருப்பது இதுதான்.

நம் பிரசங்கங்களில் நேர்மை ஒரு பக்கமும் அன்பு ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடக்கின்றன. நேர்மை என்றால் லஞ்சம் கொடுக்காதே, பொய் சொல்லாதே, காப்பி அடிக்காதே. அதை அவனவன் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்பு என்றால் கிறிஸ்துமஸுக்குப் புடவை கொடுப்பது, ஆஸ்பத்திரியில் ஜெபிப்பது. இப்படிப் பிரித்ததால் இரண்டுமே கெட்டுவிட்டன. வசதியுள்ளவனுக்கு நேர்மை செலவில்லாத நகையாகிவிட்டது, இல்லாதவனுக்கு அது தண்டனையாகத் தெரிகிறது. அன்போ யாருக்கும் வலிக்காத தர்மமாகச் சுருங்கிவிட்டது. உண்மை கேட்கிற செலவைப் பிறனோடு பகிர்ந்துகொள்வதைத்தான் வேதம் அன்பு என்கிறது என்பது என் துணிபு. அதற்கு வேதத்திலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் சான்று காட்டுகிறேன்.

பவுல் எழுதிய கடிதங்களில் மிகச் சிறியது பிலேமோனுக்கு எழுதியது. ஒரே அதிகாரம், 25 வசனங்கள். ஒநேசிமு ஓர் அடிமை. எஜமானைவிட்டு ஓடிப்போனவன் என்றுதான் சபை தொன்றுதொட்டு அந்தக் கடிதத்தை வாசித்துவருகிறது. சிறையிலிருந்த பவுலிடம் அவன் விசுவாசியாகிறான். பவுல் அவனைத் திரும்பிப் போய் எஜமானுக்கு முன்னால் நிற்கச் சொல்கிறார். இதை மட்டும் சொல்லியிருந்தால் அது கொடுமையான உபதேசம், ஏனென்றால் ஓடிப்போன அடிமைக்கு அந்தக் காலத்துச் சட்டம் இரக்கம் காட்டாது. ஆனால் பவுல் கூடவே ஒரு கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறார். இவனால் உமக்கு நஷ்டமோ கடனோ இருந்தால் அதை நான் தருகிறேன் என்று தம் கைப்பட எழுதி, கிட்டத்தட்ட ஒரு புரோநோட்டில் கையெழுத்துப் போடுகிறார். அடிமையாக வாங்கிக்கொள்ளாதே, சகோதரனாக ஏற்றுக்கொள் என்றும் கேட்கிறார். அடிமை முறையையே ஒழி என்று ஏன் எழுதவில்லை என்று நீ கேட்கலாம், நியாயமான கேள்வி. அந்த மௌனத்தைக் காட்டிப் பிற்காலத்தில் அடிமை முறையின் ஆதரவாளர்கள் தங்களை நியாயப்படுத்திக்கொண்டார்கள் என்பதும் உண்மை. ஆனாலும், கஷ்டப்படுகிறவனிடம் உண்மையை எதிர்பார்க்கிறவன் அதன் கடனுக்கு ஜாமீன் நிற்க வேண்டும் என்பதில் அந்தக் கடிதத்துக்குத் தடுமாற்றமே இல்லை. நல்ல சமாரியன் கதையிலும் இதையே பார். காயத்தைக் கட்டியதோடு அவன் போய்விடவில்லை. சத்திரக்காரனிடம் காசைக் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாக வாக்குக் கொடுத்தான். வாக்குக் கொடுத்த இடத்தில்தான் அவனுடைய இரக்கத்துக்குக் கணக்கு வழக்கு ஆரம்பிக்கிறது.

வாக்கு என்றதும் தஞ்சாவூர்ச் சுவார்ட்ஸ் ஐயர் நினைவுக்கு வருகிறார். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்து 1798இல் தஞ்சையில் மறைந்த ஜெர்மானியப் போதகர். ஹைதர் அலியின் படை தஞ்சைச் சீமையைச் சூறையாடிய 1781ஐ ஒட்டிய பஞ்ச காலத்தில், கோட்டைக்குள் சோறின்றி மக்கள் தெருவில் விழுந்து செத்தார்கள். சுற்றுக் கிராமங்களில் நெல் இருந்தது. கொண்டுவர மாடும் ஆளும் இல்லை. மாட்டுக்காரர்களும் குடியானவர்களும் வர மறுத்தார்கள், ஏனென்றால் முன்பு கொண்டுவந்தபோது காசு கொடுக்கப்படவில்லை. தஞ்சையை ஆண்ட துளஜா ராஜாவின் அதிகாரிகள் கூப்பிட்டும் யாரும் அசையவில்லை, ஆங்கிலேயத் தளபதியின் உத்தரவும் எடுபடவில்லை. கடைசியில் சுவார்ட்ஸ், கூலியையும் விலையையும் என் கையால் தருகிறேன் என்று ஆள் அனுப்பினார். இரண்டொரு நாளில் ஆயிரம் மாடுகளுக்கு மேல் வந்து சேர்ந்தன, 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. அவரும் சொன்னபடி கொடுத்தார். அந்தக் குடியானவர்களில் பெரும்பாலோர் அவருடைய மதத்தைச் சேர்ந்தவர்கள் இல்லை. அவருடைய தேவதத்துவம் அவர்களுக்குத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. பல வருஷங்களாக அந்த மனிதர் காசு விஷயத்தில் எப்படி நடந்துகொண்டார் என்பது தெரியும். 1779இல் ஆங்கிலேயரின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் போனபோது ஹைதர் அலி வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் சென்னை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப் பார்த்து, அவர்கள் வாங்காததால் தஞ்சாவூரில் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு ஒதுக்கியவர் அவர். நல்ல காலத்தில் 300 ரூபாய்க்குக் கணக்குக் காட்டிய கைதான் கெட்ட காலத்தில் 80,000 கலத்துக்கு ஜாமீன் நின்றது.

அவரை நான் தெய்வமாக்கவில்லை. அந்தத் தூதில் சமாதானம் பேச அவரை அனுப்பிய ஆங்கிலேயரிடம் சமாதான எண்ணம் எவ்வளவு இருந்தது என்பது சந்தேகம். அடுத்த வருஷமே போர் மூண்டது. நல்ல மனிதரின் நற்பெயரை ஓர் ஏகாதிபத்தியம் தனக்குக் கேடயமாக்கிக்கொண்டது. அவருடைய சபையிலேயே சாதிப்படி தனித்தனியாக உட்கார்ந்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. காசில் சுத்தமாக இருந்த அந்தச் சபை, உட்காரும் பாயில் சுத்தமாக இல்லை. பின்னால் சொல்லப்போவதற்கு இது வேண்டும், நினைவில் வைத்துக்கொள்.

அந்நிய ஆட்சியின் நிழலில் நின்று செய்யும் சேவை எவ்வளவு நல்லதானாலும் கறைபடும் என்று உணர்ந்த இருவர் உன் மலைக்கு மேற்குப் பக்கத்திலேயே வாழ்ந்தார்கள். ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் திருப்பத்தூரில் 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கிய டாக்டர் சவரிராயன் இயேசுதாசனும் டாக்டர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும். முதலாமவர் தமிழர், மற்றவர் ஸ்காட்லாந்தின் பணக்காரக் கம்பளித் தொழில் குடும்பத்துப் பிள்ளை. ஊர் அவர்களைப் பெரியண்ணன், சின்னண்ணன் என்று அழைத்தது. அந்த வரிசையைக் கவனி. வெள்ளைக்காரர் பெரியவராகவும் இந்தியர் உதவியாளராகவும் இருந்ததே அன்றைய மிஷன்களின் வழக்கம். இங்கே தமிழர் பெரியண்ணன், வெள்ளைக்காரர் சின்னண்ணன். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை, கதர் உடுத்தினார்கள், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். ஜெபாலயத்தைக் கோபுரத்தோடு நம் ஊர்க் கோயில் பாணியில் கட்டினார்கள். அன்பு என்று வாயால் சொல்லிக்கொண்டு வெள்ளைத் தோலின் சலுகையை மட்டும் வைத்துக்கொள்ள பேட்டன் ஒப்பவில்லை. அதற்கான செலவு 1932இல் வந்தது. சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தில் கதரோடு நின்ற அவரைப் போலீஸ் தடியால் அடித்தது. பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலேயே அதுபற்றிக் கேள்வி எழுந்தது. இந்தியர்கள் தினமும் வாங்கிக்கொண்டிருந்த அடி அது. அதில் ஒரு பங்கு தன் மேல் விழும் இடத்தில் போய் அவர் நின்றார்.

இப்போது உன் சான்றிதழுக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் அவசரப்பட்டு எழுத எனக்கு மனமில்லை. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த குடியரசுத் தலைவரின் ஆணை, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தைப் பின்பற்றுகிறவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். பழங்குடிகளுக்கு இந்த மத நிபந்தனை கிடையாது. ஆகவே ஒரே ஆலயத்தில், ஒரே ஞானஸ்நானத் தொட்டியில் இறங்கி எழுந்த இருவரில், ஜமுனாமரத்தூர்ப் பக்கத்து மலையாளிப் பையன் பழங்குடியாகவே தொடர்கிறான். காலனியிலிருந்து வந்த நீ, உண்மையைச் சொன்னால், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கு மாறிவிடுகிறாய். 18 சதவீத ஒதுக்கீடு உனக்கு இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் இல்லை. டீக்கடையிலும் சுடுகாட்டிலும் உன்னை அவமதிக்கிறவன் மட்டும் உன் ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டுப் பார்ப்பதில்லை. இந்த ஆணை அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. தமிழ்நாடு சட்டமன்றமும் 2023 ஏப்ரலில் இதை மாற்றச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றியது.

அநியாயமான ஆணைக்கு எதற்கு உண்மையான பதில் சொல்ல வேண்டும், ஊரே அப்படித்தானே வாங்குகிறது என்று உன் சித்தப்பா சொல்வதாக எழுதியிருக்கிறாய். அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. மூன்று தலைமுறையாகப் பசியோடு இருந்தவர்கள் பிள்ளையைப் படிக்கவைக்கக் கண்டுபிடித்த வழி அது. அப்படி வாங்கியவர்கள் மேல் கல்லெறிய யாருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த வழி அவர்களிடமிருந்து என்ன வாங்கிக்கொண்டது என்று பார். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்று ஆலயம் போய்வந்த புதுச்சேரிப் பெண் ஒருவர் வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கைத் தள்ளுபடி செய்தது. நம்பிக்கையில்லாமல் ஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியல் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்றது. அவர் ஆலயம் போனதே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. இந்த வழியில் போகிறவன் பெயரில் ஏசுவை மறைக்கிறான், கல்யாணப் பத்திரிகை இரண்டு விதமாக அச்சடிக்கிறான், ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் ஏறாதபடி பார்த்துக்கொள்கிறான். வேலையில் சேர்ந்த பிறகும் யாராவது புகார் எழுதிவிடுவார்களோ என்று முப்பது வருஷம் பயந்து வாழ்கிறான். இன்னொரு நஷ்டமும் உண்டு. அநியாயத்தை எதிர்த்து வீதியில் நிற்க வேண்டியவர்கள் கணக்கிலேயே இல்லாமல் போகிறார்கள். காகிதத்தில் இல்லாத கிறிஸ்தவனுக்காக யார் உரிமை கேட்பது? ஆகவே என் பதில் இது: உன் விசுவாசத்தைப் பற்றிப் பொய் எழுதி வாங்காதே.

இத்தோடு நிறுத்தினால் பவுல் கடிதமில்லாமல் ஒநேசிமுவை அனுப்பியதற்குச் சமம். உனக்கு ஆகும் இழப்பைச் சபை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் பதிலின் மறுபாதி. முதல் பாதியைச் சொல்லும் போதகர்கள் நிறையப் பேர் உண்டு, மறுபாதியைச் சொல்பவர்கள் குறைவு. நம் திருச்சபைகளுக்கு நல்ல கல்லூரிகள் இருக்கின்றன, பள்ளிகள் இருக்கின்றன, நகரங்களின் நடுவில் கோடி பெறும் நிலம் இருக்கிறது. ஆகஸ்ட் 10ஐக் கறுப்பு நாளாக அனுசரித்துக் கறுப்புத் துணி கட்டுகிறோம்; ஆகஸ்ட் 11ஆம் தேதி நம் கல்லூரியிலேயே ஒரு தலித் கிறிஸ்தவப் பிள்ளைக்கு இடமும் கட்டணச் சலுகையும் கிடைக்கிறதா என்று பார்த்தால்தான் அந்தக் கறுப்புக்குப் பொருள் உண்டு. அரசிடம் சமத்துவம் கேட்கும் நாம் கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் வைத்திருக்கிறோம். 2008 மார்ச்சில் எறையூரில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதி மோதல் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். சுவார்ட்ஸ் காலத்துப் பாய் இன்னும் சுருட்டப்படவில்லை. ‘கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே, பிறகு எதற்கு உங்களுக்கு ஒதுக்கீடு’ என்று எதிர்த் தரப்பு கேட்கும்போது, நம் கல்லறைகளே அவர்களுக்குப் பதில் சொல்கின்றன. அந்தப் பதில் நம்மை வெட்கப்படுத்த வேண்டும்.

செம்மர விஷயத்துக்கும் இதே அளவுகோல்தான். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் இருபது தமிழ்த் தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்களில் பலர் உன் மாவட்டத்துக்காரர்கள், படவேட்டைச் சுற்றிய ஊர்களைச் சேர்ந்தவர்களும் உண்டு. ஆடி வெள்ளிகளில் ரேணுகாம்பாள் கோயிலுக்குக் கூட்டம் போகிற அதே பாதையில்தான் அந்தச் சடலங்கள் வந்தன. மரத்தை விற்றுப் பணக்காரனாகிறவன் காட்டுக்குள் போவதில்லை. சாமைக்கும் புளிக்கும் விலை இல்லாத வருஷத்தில் கடன் அடைக்கப் போகிறவன்தான் குண்டுக்கு எதிரே நிற்கிறான். அவன் செய்வது குற்றமில்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காடு பொதுச் சொத்து, வெட்டுவது திருட்டு. அதைச் சுட்டுத் தள்ளித் தடுத்ததும் கொடிய குற்றம். நண்பனிடம் ‘போகாதே, சட்டப்படி தப்பு, உயிருக்கு ஆபத்து’ என்று சொல்ல உனக்கு முழு உரிமை உண்டு, சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஏஜெண்டு பேச்சோடு வரவில்லை, முன்பணத்தோடு வருகிறான் என்பதை மறந்துவிடாதே. அந்தத் தொகை எந்தக் கடனுக்காக, யாருக்குத் தர வேண்டியது, வட்டி எவ்வளவு என்று கேள். உன் வாலிபர் சங்கத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் அந்தக் கடனில் ஒரு பகுதியைத் தவணையாக மாற்ற முடியுமா, ஊரக வேலை உறுதித் திட்டத்தில் கூலி பாக்கி நிற்கிறதா, மகளிர் குழுவில் குறைந்த வட்டிக்குக் கடன் கிடைக்குமா என்று பார். இதெல்லாம் ஜெபக்கூட்டத்தில் பேசக்கூடாத லௌகீகம் என்று யாராவது சொன்னால், பவுலின் 25 வசனங்களை வாசித்துக் காட்டு. அங்கேயும் கடன் கணக்குத்தான் பேசப்படுகிறது.

இப்படி நடந்தால் நம்மை வெறுக்கிறவர்களும் மாறிவிடுவார்கள் என்று உனக்கு ஆசை காட்டமாட்டேன். ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸ் 1965 முதல் ஒடிசாவின் பாரிபடாவில் தொழுநோயாளிகளோடு வாழ்ந்தார். 1999 ஜனவரியில் மனோகர்பூரில் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்த அவரையும் அவருடைய மகன்களான பத்து வயது பிலிப்பையும் ஆறு வயது திமோத்தேயுவையும் ஒரு கும்பல் உயிரோடு எரித்தது. முப்பதாண்டு நேர்மை அவரைக் காப்பாற்றவில்லை. அவர் மனைவி கிளாடிஸ் மன்னித்தார், தொழுநோயாளிகளை உடனே விட்டுப் போகாமல் வேலையைத் தொடர்ந்தார், 2004இல் அங்கே ஒரு மருத்துவமனை எழுந்தது. மன்னித்தால் கொலைகாரனுக்குத் துணிச்சல் வராதா என்று நீ கேட்டால், வழக்கு என்ன ஆனது என்று பார்: முக்கியக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தப் பெண் பகையைத்தான் விட்டார், நீதி தன் வழியில் போயிற்று. இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் அடிவாங்கிய பெண்ணிடமும் ஏமாற்றப்பட்ட கூலிக்காரனிடமும் ‘மன்னித்துவிடு’ என்று சொல்லிக் குற்றவாளியைக் காப்பாற்றுகிறார்கள். மன்னிப்பின் செலவையும் பாதிக்கப்பட்டவரே தனியாகச் சுமக்கக் கூடாது.

இனி உடனே செய்ய வேண்டியது. கிறிஸ்தவ ஆதிதிராவிடர் என்று உண்மையாக எழுதினால் எல்லாக் கதவும் அடைத்துவிடும் என்று பயப்படாதே. தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறைக் கல்வி உதவித்தொகை, மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிட மாணவர்களுக்கும் உண்டு. குடும்ப வருமான வரம்பை மட்டும் விசாரித்துக்கொள். உங்கள் வீட்டில் இதற்கு முன் பட்டதாரி யாரும் இல்லையென்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் மனுப் போடு. தொழிற்படிப்புக் கலந்தாய்வில் அது கட்டணத்தைக் குறைக்கும், அதற்கு மதம் கேட்கமாட்டார்கள். இ-சேவை மையத்துக்குப் போகும்முன் ரேஷன் கார்டு, ஆதார், மாற்றுச் சான்றிதழ், அப்பாவின் சாதிச் சான்று எல்லாவற்றையும் எடுத்துவைத்து, அவற்றில் எது என்ன சொல்கிறது என்று பார். அப்பாவின் சான்றில் வேறு மாதிரி இருந்தால் அவரை மறைக்கவோ குறைசொல்லவோ வேண்டாம். போளூர் தாலுகா அலுவலகத்தில் கேட்டு, உன் நிலையை நேராக எழுதிக்கொடு.

பிறகு ஒரு தாளில் கணக்கெழுது. பட்டியல் சாதி ஒதுக்கீட்டில் கிடைத்திருக்கக்கூடிய இடம் எது, இப்போது கிடைக்கிற இடம் எது, இரண்டுக்கும் கட்டணத்திலும் விடுதியிலும் மூன்று வருஷத்துக்கு வித்தியாசம் எவ்வளவு. கீழே, உன்னைப் போன்ற பிள்ளைகள் இந்த வருஷம் உன் சேகரத்தில் எத்தனை பேர் என்றும் எழுது. அதைச் சேகரக் கமிட்டிச் செயலாளரிடம் கொடுத்து, அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கச் சொல். ஒரு நகலை எனக்கு அனுப்பு. பேராயத்துக்கு நான் எழுதப்போகும் கடிதத்தோடு அதை இணைப்பேன், என் பங்குத் தொகையையும் அதில் எழுதி அனுப்புவேன்.

அன்புடன்,
உன் அண்ணன்